மாற்றிய குழாய்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் என் லொறியின் கீழே மல்லாந்து படுத்துக் கிடந்தேன். முந்தின நாள் பின்னேரம் புளியமரத்தில் மோதி நசுங்கிய லொறியை ட்ரக்டரால் இழுத்து வந்து எத்தாளையில் எங்கள் வீட்டு வளவுக்குள் விட்டிருந்தார்கள். மீனை யார் யாரோ இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பெட்டிக்குள் ஐஸ் மட்டும் கரைந்துகொண்டிருந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, போனின் வெளிச்சத்தைப் பின்சில்லுப் பக்கம் பிடித்தேன். பிரேக் எண்ணெய் போகிற குழாய், சுண்டுவிரலில் பாதிக் கனம்கூட இருக்காது, அச்சின் மேலே வளைந்து போகிற இடத்தில் செம்பழுப்பாக அரிபட்டு, நடுவில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. விரலால் தொட்டேன். துரு உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தது.

இந்தக் குழாயைத்தான் ரமழான் நோன்பின் முதல் கிழமையில் ஸலாஹுதீன் பாஸ் மாற்றினார். மாற்றியதாகச் சொன்னார். வாகனம் திருத்துகிறவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பின்பக்கத்து பிரேக் முழுக்கப் புதுசு, சிலிண்டர் புதுசு, லைனர் புதுசு, குழாய் புதுசு என்று பாலாவியில் தன் கராஜ் வாசலில் நின்று அவர் விரல் மடித்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் சல்லியைக் கொடுத்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு வந்தேன். இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பத்து நாள். ஆகமொத்தம் மூன்றரை மாதம். மூன்றரை மாதக் குழாய் இப்படியா இருக்கும்? இது பத்து வருடத்துக் கிழடு. பழைய குழாயைத் துடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து என் தலையில் கட்டிவிட்டான் என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு எதுவும் சட்டென்றுதான் விளங்கும். என் வாழ்க்கையில் நான் பட்ட சேதம் முக்கால்வாசிக்கும் இந்தப் புத்திதான் காரணம்.

முந்தின நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டியில் களப்பு மீன் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஸப்ராஸ் இருந்தான். என் மனைவி நிஸ்ரினின் தம்பி, இருபத்துமூன்று வயது. அவன் மீன் லொறிக்காரன் இல்லை, கடலுக்கு அடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். சோளகக் காற்றில் வெளிக்கடல் தொழில் நின்றுபோய்ச் சும்மா இருந்தான். ஐஸ் தூக்க ஆளில்லை என்று நான்தான் அவனைக் கூப்பிட்டேன். குறிஞ்சிப்பிட்டி தாண்டி ஒரு வளைவில் பஸ் ஒன்று ஆள் இறக்கிக்கொண்டு நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் சேற்றில் கால் இறங்குவதுபோலத் தரைவரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. பஸ்ஸுக்குப் பின்னால் வெள்ளை உடுப்போடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீதியைக் கடக்க நின்றார்கள். இடப்பக்கம் திருப்பினேன். இடப்பக்கம் புளியமரம் நின்றது. இடப்பக்கத்து இருக்கையில் ஸப்ராஸ் இருந்தான்.

கதவும் மரமும் அவனுடைய காலும் ஒன்றாகிப் போயிருந்தன. அலவாங்கு போட்டு நெம்பி எடுக்க முக்கால் மணி நேரம் சென்றது. அவன் கத்தவில்லை. என் சேர்ட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "மச்சான், கால் எங்க, கால் தெரியல்லயே மச்சான்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கால் அங்கேதான் இருந்தது, நான் பார்த்தேன், அதைப் பார்த்த என் கண்ணை இன்றுவரை எதைக் கொண்டும் கழுவ முடியவில்லை. அந்திநேரத்து மஃரிப் தொழுகைக்கு முன்னரே ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலாக எடுத்துவிட்டார்கள். கடலுக்கு அடியில் மூன்று பாகம், பதினெட்டடி ஆழம், இறங்கி வருகிற பையன்.

குழாயைப் படம் பிடித்து மீன் லொறிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'மூணரை மாசத்துக்கு முந்தி மாத்தின குழாயாம், பாருங்க' என்று எழுதினேன். ஸலாஹுதீனின் பெயரையும் எழுதினேன். நான் லொறிக்குக் கீழேயிருந்து ஊர்ந்து வெளியே வருவதற்குள் முப்பது நாற்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். கள்ளன், ஹராம் தின்னி, அவன்ட கைய முறிச்சாத்தான் மத்தவனுக்குப் பாடம். அத்தனை பேரும் சாரதிகள், அத்தனை பேரும் வாகனத்தோடு கிடந்து உழல்கிறவர்கள். அவிழ்த்துப் பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரையும் ஏசியிருப்பேன்.

சாச்சாவின் மகன் இனாஸ் மோட்டார் சைக்கிளோடு வந்துவிட்டான். நான் லொறிக்குள்ளிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். நிஸ்ரின் வாசலில் நின்றாள். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் குறுக்கே வந்து கையைப் பிடிக்கிறவள் அவள்தான். பதினொரு வருடமாக அதுதான் அவளுடைய வேலை. அன்றைக்கு முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க" என்றாள். வளவுக் கதவை அவளே திறந்துவிட்டாள்.

ஸலாஹுதீன் பாஸ் கராஜுக்குள் ஒரு வேனின் டயரில் சாய்ந்து உட்கார்ந்து பாணைப் பிளேன்டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், முன்கை மட்டும் முறுக்கிய கயிறுபோல இருக்கும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களில் ஒருவர், அப்போது சின்னப் பிள்ளை. முகாமில் வளர்ந்து, ஒரு சிங்கள பாஸிடம் தொழில் பழகி, இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டவர். என்னைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

"ஹுனைஸ், வாங்க. கேள்விப்பட்டன். தம்பிக்கு எப்பிடி?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. செய்வதையும் செய்துவிட்டு நலம் விசாரிக்கிறான். "பின்பக்கத்துக் குழாய் மாத்தினியா?" என்று கேட்டேன். அதுவரைக்கும் அவரை நான் நீ என்று பேசியதில்லை.

"மாத்தினன். ரெண்டு பக்கமும்."

போனை நீட்டினேன். அவர் பயப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கழுத்தைச் சரித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இது அச்சுக்கு மேல வாற எடம். இந்த ஒரு எடம் மட்டும் எப்பிடி... மேல இருந்து ஏதாச்சும் தண்ணி..." என்று தொடங்கினார். வசனம் முடிய நான் விடவில்லை. போனோடு சேர்த்து முகத்தில் அறைந்தேன்.

அவர் பின்னால் போய் இரும்பு மேசையில் மோதினார். இனாஸ் வாசல் தகரத்தை இழுத்து மூடினான். கம்பியை முதுகில் இறக்கினேன், தோளில் இறக்கினேன். அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "ஹுனைஸ், அல்லாக்காக, ஹுனைஸ்" என்று என் பெயரைச் சொன்னார். பெயரைச் சொல்லச் சொல்ல எனக்கு ஏறியது. வயிற்றில் உதைத்தேன். தின்ற பாண் தேநீரோடு வெளியே வந்தது. "அகதி நாயே, எங்கட ஊருல தின்டு எங்கட ஆக்களயே கொல்றியா" என்று கத்தினேன். அந்தச் சொல்லை நான் வீட்டில் பேச மாட்டேன். நிஸ்ரினின் உம்மாவும் மன்னாரிலிருந்து அதே வருடம் அதே கடலைக் கடந்து வந்தவர். அந்தச் சொல் என் வாயில் எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியாது. கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் தரையில் தவழ்ந்து ஸ்பானர் சாவிகள் அடுக்கிய பலகையை நோக்கிப் போனார். சாவியை எடுத்து அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பலகையைப் பிடித்து எழும்பப் பார்த்தாரோ என்னவோ. வலது மணிக்கட்டில் ஏறி நின்றேன். விரல்கள் சிமெந்துத் தரையில் விரிந்தன, நகத்து இடுக்கெல்லாம் கறுப்பு எண்ணெய். கம்பியைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினேன். மூன்று தரம். மூன்றாவது தரம் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

பின்னால் இருந்த வீட்டிலிருந்து அவருடைய மனைவி றிஸ்னா ஓடிவந்தார். நான் தள்ளிவிட்டதில் பழைய பெட்டரிகளின் மேலே விழுந்தார். விழுந்த இடத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவுத்துப் பாத்தீங்களா? அவுத்துப் பாத்துட்டு வந்து அடிங்க. கழட்டின பழைய சாமானெல்லாம் பையில கட்டி உங்கட லொறியிலதானே போட்டது."

திருத்தி முடிந்ததும் கழற்றிய சாமான்களை ஓர் உரப்பையில் கட்டி வாகனத்திலேயே வைத்துவிடுவது எங்கள் பக்கத்துப் பாஸ்மாரின் வழக்கம். பழசு தன் கைக்கு வந்துவிட்டது, புதுசு போட்டிருக்கிறது என்று சொந்தக்காரன் பிரித்துப் பார்த்து மனம் ஆறட்டும் என்பதற்காக. ஒரு பை இருந்தது எனக்கு ஞாபகம்தான். நான் அதைப் பிரிக்கவே இல்லை, பழைய இரும்புக்காரன் வந்த அன்று கட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குச் சாட்சியாகப் படவில்லை. எவனுடையதோ பழைய இரும்பைப் போட்டு நிரப்பியிருப்பான் என்று நினைத்தேன். கம்பியை அவர்களுடைய வாசலிலேயே எறிந்துவிட்டு வந்தேன். மோட்டார் சைக்கிளில் வரும்போது காற்று முகத்தில் அடித்தது. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குழுவில் ஒருவர், ஸலாஹுதீனின் கராஜ் கூரைக்கும் பின்வீட்டுக் கூரைக்கும் கல் விழுந்து, பெயர்ப்பலகையும் உடைந்து கிடக்கிற படத்தைப் போட்டிருந்தார். எறிந்தது யார் என்று நான் கேட்கவில்லை. நிஸ்ரின் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "ஒன்ட மச்சான் சும்மா விடல்லண்டு சொன்னன். சிரிச்சான்" என்றாள். இரண்டு நாளில் அவன் முதல் தரம் சிரித்தது அதற்காகத்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொலிஸ் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மீன் லொறிச் சங்கத்து ஜபார் ஹாஜியார்தான் யோசனை சொன்னார். அவன் முறைப்பாடு கொடுக்கும் முன் நீ முந்திக்கொள், வேறொரு பாஸைக் கொண்டு வந்து நாலு சில்லையும் அவிழ்த்து, எதெது மாற்றப்படவில்லை என்று கையெழுத்தோடு எழுதி வாங்கு என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமை காலை சவிரிமுத்து பாஸ் கற்பிட்டியிலிருந்து வந்தார். அறுபது தாண்டிய மனிதர், ஸலாஹுதீனை அவருக்கு முன்பின் தெரியாது. அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன். மெதுவாகத்தான் வேலை செய்தார். நான் பக்கத்தில் தாளும் பேனையும் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

வலப்பக்கத்துச் சில்லைக் கழற்றி, டிரம்மை இழுத்து எடுத்து, உள்ளே பார்த்தார். "லைனர் புதுசுதான்" என்றார். நான் எழுதவில்லை. "சிலிண்டரும் புதுசு. இந்தா, எண்ணெய்க் கசிவு ஒரு சொட்டு இல்ல." இடப்பக்கத்துச் சில்லையும் அப்படியே அவிழ்த்து, அப்படியே சொன்னார். பிறகு கீழே படுத்து அந்த அரித்த குழாயைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அச்சில் குழாயைப் பிடித்திருந்த தகரப் பட்டியை நெம்பி எடுத்தார். பட்டி மறைத்திருந்த இடத்தில் குழாய் புத்தம் புதிதாக மினுங்கியது. கடையில் ஒட்டுகிற சிறு கடதாசித் துண்டுகூட அங்கே பாதி கிழியாமல் இருந்தது.

"இது மாத்தின குழாய் தம்பி. இந்த வருசத்துச் சாமான். சுத்தமான வேல, நானெண்டாலும் இப்பிடித்தான் செய்வன்."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் சொல்றன்."

அவருடைய சேர்ட் கழுத்தை நான் எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. பிடித்து லொறியோடு சாய்த்து வைத்திருந்தேன். அவருடைய கழுத்துச் சிலுவை என் விரலுக்குள் அகப்பட்டிருந்தது. "அவன் ஒங்களுக்கு ஆள் அனுப்பினானா? எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் திமிறவில்லை. என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னயும் அடிக்கிறதெண்டா அடிங்க. அடிச்சாலும் குழாய் புதுசுதான்."

கையை எடுத்தேன். அவர் சேர்ட்டைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ஒரு வாளித் தண்ணீரை எடுத்து மீன் பெட்டிக்குள் ஊற்றினார். "இப்ப கீழ பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். பெட்டியின் பின்பக்கத்து வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டிய தண்ணீர், நடுப் பொருத்தில் சேர்ந்து, ஒவ்வொரு சொட்டாக அச்சின் மேலே விழுந்தது. குழாய் அரித்திருந்த அதே இடத்தில்.

"தண்ணி போற வழிய ஆரோ அடைச்சிரிக்கிறாங்க. ஐஸுக்கு உப்புப் போடுறீங்களா?"

"ஓம்."

"உப்பு ஐஸ் தண்ணி நூறு நாளா ஒரே எடத்துல விழுந்தா எந்தக் குழாயும் தாங்காது. ஆரு அடைச்ச?"

நான்தான். நோன்பு பதினைந்தோ பதினாறோ. வடிகுழாய் வெடித்து வீதியெல்லாம் மீன் தண்ணீர் ஒழுகுகிறது என்று பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதினார்கள். அன்று பின்னேரமே பழைய சாரனைக் கிழித்து அந்த ஓட்டையில் திணித்து, மேலே தார் பூசி அடைத்தேன். அதன் பிறகு வீதியில் ஒரு சொட்டு விழவில்லை. என்ன கெட்டித்தனம் பார் என்று அதையும் படம் பிடித்து அதே குழுவில் போட்டேன். எத்தனையோ பேர் பெருவிரல் காட்டினார்கள். தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. கராஜில் வைத்து ஸலாஹுதீன் கேட்க வந்தது இதைத்தான். படத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. நான் அவருடைய வாயை அடித்து மூடினேன்.

"என்ன எழுத?" என்று சவிரிமுத்து பேனைக்குக் கை நீட்டினார். தாளைக் கிழித்துப் போட்டேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். "நானாப் போய்ச் சொல்ல மாட்டன். கேட்டாச் சொல்லுவன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டார். அவர் போன பிறகு நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து, என் முகத்தில் நானே அறைந்துகொண்டேன். நாலைந்து தரம். வலித்தது, ஆனால் கம்பியால் அடித்ததற்கு அதெல்லாம் ஒரு கணக்கா? ஸப்ராஸின் காலை எடுத்தவன் நான். அதற்காக ஒருவருடைய கையை முறித்தவனும் நான். அவனிடம் சொல்லியாக வேண்டும். நிஸ்ரினிடம் சொன்னால் அவள் என்னைத் தடுத்துவிடுவாள், அல்லது என்னோடு வாழ மாட்டாள், இரண்டுக்கும் எனக்குப் பயமாக இருந்தது. முதலில் அவனிடம், இன்றைக்கே, பகல் பார்வை நேரத்திலேயே சொல்லிவிடுவது என்று எழும்பினேன். நிஸ்ரின் ஒன்றும் அறியாமல் சோறும் கறியும் கட்டித் தந்தாள். பஸ்ஸில் புத்தளம் போகும் வழியெல்லாம் முதல் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஸப்ராஸ், ஒன்ட கால் போனது என்னாலதான்.

ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கான சத்திரசிகிச்சை வார்ட் ஒன்றுதான். வெட்டு, குத்து, முறிவு எல்லோருக்கும் அதுதான் இடம். இது எனக்குத் தெரியாத விசயமில்லை, ஆனால் என் புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை. ஸப்ராஸ் ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து இருந்தான். வெள்ளைப் போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் மற்றப் பக்கம் தட்டையாகவும் கிடந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தான். அடுத்த கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். தோளைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான், வாங்க. இந்த நாநாவப் பாருங்க," என்றான் ஸப்ராஸ். "உம்மாட ஊர்தான் இவரும், மன்னார். நேத்துப் பின்னேரம்தான் இந்தக் கட்டிலுக்கு மாத்தினாங்க. நேத்து ராவு முழுக்க நோவுல கெடந்தன், இவருதான் கதை சொல்லிக்கொண்டு இருந்த. மரத்தால விழுந்து கை ஒடைஞ்சதாம்."

ஸலாஹுதீன் பாஸ் மெதுவாகத் திரும்பினார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கை விரல் நுனிவரை மாவுக்கட்டுக்குள் இருந்தது, கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரல் நீலம் பாரித்திருந்தது. பொலிஸ் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரத்திலிருந்து விழுந்ததாகத்தான் ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறார். பயந்து சொன்னாரா, பெருந்தன்மையா, எங்கள் ஆட்களோடு வழக்குப் பேசி இந்த ஊரில் இருக்க முடியாது என்று நினைத்தாரா, அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்னைத் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"நிஸ்ரின் ராத்தா சொன்னா," என்று ஸப்ராஸ் குரலைத் தாழ்த்தினான். கண் பளபளத்தது. "அந்த பாஸ்ட கைய முறிச்சிட்டீங்களாமே. எந்தக் கை மச்சான்?"

பஸ்ஸில் மனப்பாடம் செய்த வசனத்தை விட்டுவிட்டுச் சோற்றுப் பொதியைக் கையில் எடுத்தேன். "சொல்றன்," என்றேன். "பொறகு சொல்றன். நீ முதல்ல சாப்புடு."

"எனக்குப் பசிக்கல்ல. இவருக்குக் குடுங்க. பொண்சாதி இன்னும் வரல்ல, வீட்டுக் கூரைக்கு ஆரோ கல்லெறிஞ்சாங்களாம், அதச் சீர்பண்ண நிக்கிறாவாம். காலயில இருந்து பட்டினி. இடக்கையால சாப்புட மாட்டாராம். நேர்ஸ் கரண்டியால குடுக்க வந்தா, வேணாங்கிறாரு." அவன் அந்தப் பக்கம் திரும்பினான். "நாநா, மச்சான் ஊட்டிவிடுவாரு. கூச்சப்படாதீங்க. அவருக்குக் கோபம்தான் கூட, மனுசன் தங்கம்."

எழும்பி ஓடிவிடலாமா என்று யோசித்தேன். கால்கள் அடுத்த கட்டிலுக்குத்தான் போயின. தண்ணீர்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொதியை அவிழ்த்தேன். நிஸ்ரின் தம்பிக்கென்று முள் எடுத்து வைத்த மீன். சோற்றைப் பிசைந்தேன். ஒரு பிடி போர்வையில் சிந்தியது. அதைப் பொறுக்கி எடுத்தேன். இவ்வளவு நேரமும் ஸலாஹுதீன் பாஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கவளம் உருட்டி அவருடைய வாய்க்கு நேரே கொண்டுபோனேன். உதட்டில் தையல் போட்டிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

"அவுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு மட்டும் கேட்கிற குரல் இல்லை, சாதாரணக் குரல்.

"ஓம்," என்றேன்.

"என்னத்த மச்சான் பாத்த?" என்றான் ஸப்ராஸ்.

சோற்றிலிருந்து குழம்பு என் மணிக்கட்டு வழியாக வடிந்து முழங்கைக்கு வந்தது. ஸலாஹுதீன் பாஸ் திறந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. ஸப்ராஸ் இரண்டு கையையும் ஊன்றி, இல்லாத காலை இழுத்துக்கொண்டு, எங்கள் பக்கம் நகர்ந்து உட்காரப் பார்த்தான்.

"சொல்லுங்க மச்சான்," என்றான். "என்னத்த அவுத்துப் பாத்த?"